படகில் கத்தி: எதை வாங்குவது, எங்கே வைப்பது, துருவிலிருந்து எப்படிக் காப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தப் படகு வைத்திருப்பவர்களிடம் கத்தி என்று பேச்செடுத்தால் போதும், எந்த எஃகு, எந்தக் கம்பெனி என்றுதான் தொடங்குவார்கள். அதற்கும் பதில் கீழே இருக்கிறது. ஆனால் நான் பார்த்தவரையில் ஒரு கத்தி கைகொடுப்பதும் கைவிடுவதும் பெரும்பாலும் எஃகால் அல்ல, அது இருக்கும் இடத்தால். அதனால் 'எங்கே' என்ற பேச்சு எல்லாப் பதில்களிலும் கொஞ்சம் கொஞ்சம் நுழைந்துவிடும்.

படகில் தனியாகக் கத்தி எதற்கு? சமையல் கத்தி ஒன்று இருக்கிறதே, போதாதா?

பெரும்பாலான நாட்களில் போதும். நூல் அறுக்க, டேப் வெட்ட, பொட்டலம் பிரிக்க எந்தக் கத்தியும் சரிதான். சிக்கல் எப்போதோ ஒரு நாள் வருகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நங்கூரக் கயிற்றின் வளையத்துக்குள் ஒருவர் கால் வைத்துவிடுகிறார். பாதுகாப்பு வார் மாட்டியிருந்தவர் கடலில் விழுகிறார், படகு நிற்காமல் அவரை நீரில் இழுத்துக்கொண்டே போகிறது. சின்னப் பாய்மரப் படகு கவிழ்ந்து, அடியில் இருப்பவரின் இடுப்புக் கொக்கி கயிறுகளில் மாட்டிக்கொள்கிறது. இன்னொரு படகு நம்மை இழுத்துப் போகும்போது அந்தக் கயிறே நம்மைப் பக்கவாட்டில் சாய்க்கத் தொடங்குகிறது. இங்கெல்லாம் கிடைப்பது சில நொடிகள். சமையல் கத்தியோ, படியிறங்கி, இழுப்பறையைத் திறந்து, கரண்டிகளுக்கு நடுவில் துழாவ வேண்டிய இடத்தில் கிடக்கும்.

எனக்கு நடந்தது இதைவிடச் சின்ன விஷயம். காற்று திடீரென்று ஏறியபோது முன்பாயின் கயிறு, கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் உருளையில் சுற்றுமேல் சுற்று ஏறி இறுகிவிட்டது. கத்தி என்னிடம்தான் இருந்தது. மழைக் காற்சட்டைக்கு உள்ளே, ஜீன்ஸ் பாக்கெட்டில், அதற்குமேல், பாதுகாப்பு வாரை மாட்டும் ஹார்னெஸ் பட்டை. விலை உயர்ந்த கத்திதான். கடைசியில் இன்னொரு கயிற்றைக் கட்டிப் பளுவை அதற்கு மாற்றித்தான் அவிழ்த்தோம். கத்தி பாக்கெட்டை விட்டு வெளியே வரவே இல்லை.

அப்படியானால் எத்தனை கத்தி வேண்டும்?

என் படகில் நான்கு வகை. மேல்தளத்துக்கு வரும் ஒவ்வொருவர் உடம்பிலும் ஒன்று. சுக்கானுக்குப் பக்கத்தில், யாரும் எட்டி எடுக்கும்படி உறையோடு பொருத்திய மடங்காத கத்தி ஒன்று. கயிற்று வேலைக்கு, புரிகளைப் பிரிக்கும் முள்ளும் சேர்ந்த மடக்குக் கத்தி ஒன்று. சமையலுக்குத் தனியாக இரண்டு.

இவற்றில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் இரண்டாவதை வாங்குங்கள். கடலில் தூரம் போகும் பாய்மரப் போட்டிகளுக்காக வேர்ல்ட் செய்லிங் அமைப்பு வகுத்திருக்கும் பாதுகாப்பு விதிகளும் அதைத்தான் கேட்கின்றன: வலுவான, கூரான கத்தி, உறையில், விழாதபடி பிணைத்து, மேல்தளத்திலிருந்தோ, படகை ஓட்டுபவர் உட்காரும் பள்ளமான காக்பிட்டிலிருந்தோ உடனே எடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும். எஃகு எது என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. ஒரு பெரிய விலைக் கத்தியைவிட, இரண்டு இடங்களில் இரண்டு சாதாரணக் கத்திகள் மேல்.

மடக்குக் கத்தியா, உறைக் கத்தியா?

அவசரத்துக்கு உறைக் கத்தி. உருவினால் வேலை முடிந்தது. மூட்டு இல்லை, உப்பு ஏறி இறுகிக்கொள்ள இடமில்லை, விரல் விறைத்துப் போயிருந்தாலும் எடுத்துவிடலாம். உடம்பில் வைத்துக்கொள்ள மடக்குக் கத்தி வசதி, அதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு நிபந்தனை. ஒரே கையால் திறக்க வேண்டும், இடது கையாலும் சரி, ஈரக் கையுறையோடும் சரி. திறந்தபின் பூட்டிக்கொள்ளவும் வேண்டும். பூட்டில்லாத கத்தி, கயிற்றுக்குள் சிக்கித் திருகும்போது உங்கள் விரல்மேலேயே மடங்கும்.

நகத்தால் பிடித்து இழுத்துத் திறக்கும் பழைய பாணிக் கத்திகள் அழகுதான். கயிறு வேலை செய்ய உட்காரும்போது எடுத்துக்கொள்ளலாம். கடலில் ஒரு கை எப்போதும் படகைப் பிடித்திருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பல் வைத்த வாயா, நேர் வாயா?

கயிறு எது என்பதைப் பொறுத்தது. பாலியெஸ்டர், நைலான் கயிறுகளை நன்றாகத் தீட்டிய நேர் வாய் சுத்தமாக வெட்டும். டைனீமா போன்ற மிக வலுவான செயற்கை இழைகள் வேறு ரகம். வழுவழுப்பானவை, வெட்டுக்கு அசையாதவை. லேசாக மழுங்கிய நேர் வாய் அதன்மேல் சறுக்கிக்கொண்டே போகும், ரம்பப் பல் பிடித்து அறுக்கும். கெவ்லார் இழையோ எந்த வாயையும் சீக்கிரம் மழுக்கிவிடும். இன்றைய பாய்மரப் படகுகளில் உள்ளே டைனீமா, வெளியே பாலியெஸ்டர் என்று இரண்டும் சேர்ந்த கயிறுகள்தான் அதிகம். அதனால் அவசரக் கத்திக்குப் பல் வைத்த வாய் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பல் வைத்த வாய்க்கு இன்னொரு நல்ல குணம்: பாதி மழுங்கினாலும் ஏதோ வெட்டும். யாரும் கவனிக்காமல் மாதக்கணக்கில் உறையில் கிடக்கும் கத்திக்கு அது பெரிய விஷயம்.

அன்றாட வேலைக்கு நேர் வாய்தான். நூல் கட்டி முனை முடிக்க, பாய்த்துணி வெட்ட, மரச் சிம்பு சீவப் பல் ஒத்துவராது.

பாதி பல், பாதி நேர் என்று வரும் கத்திகள் எனக்குப் பிடிப்பதில்லை. எட்டு சென்டிமீட்டர் அலகில் ஆளுக்கு நான்கு. பருமனான கயிற்றுக்கு இரண்டுமே போதாது.

நுனி கூராக இருக்க வேண்டாமா?

மேல்தளத்தில் வேண்டாம். ஆடும் இடத்தில் கூரான நுனி முதலில் தேடிப்போவது தொடையை, அடுத்தபடியாகக் காற்றடைத்த லைஃப் ஜாக்கெட்டை. கயிறு அறுக்க நுனி தேவையே இல்லை. முதுகு வளைந்து இறங்கி, வாய் நேராக ஓடி, முனை மொண்ணையாக முடியும் அலகைத் தேடுங்கள். ஆங்கிலத்தில் இதற்கு 'ஷீப்ஸ்ஃபுட்', அதாவது ஆட்டுக் கால், என்று பெயர். சிக்கியிருப்பவரின் உடலுக்கும் வாருக்கும் இடையில் அலகை நுழைக்க வேண்டிய நேரத்தில் இதன் அருமை தெரியும்.

உயிர்காப்பு மிதவையில் ஏற்கெனவே ஒரு கத்தி இருக்கிறதாமே?

ஆமாம். கப்பல்களின் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின் கீழ் வரும் விதிகளில் மிதவைக்குள் இருக்க வேண்டிய பொருட்களில் கத்தியும் உண்டு: மடங்காத கத்தி, மிதக்கும் பிடி, கட்டிய கயிறு. அது இருக்கும் இடத்தையும் விதியே சொல்கிறது. மிதவையைக் கப்பலோடு பிணைக்கும் கயிறு எங்கே இணைகிறதோ, அதன் அருகில் கூரையின் வெளிப்புறத்தில் ஒரு பை. மூழ்கும் கப்பல் மிதவையையும் இழுத்துப் போகாமல் உடனே அறுத்துவிட வேண்டும், அதற்காக. 13 பேரோ அதற்கு மேலோ ஏறும் மிதவையில் இரண்டாவது கத்தியும் இருக்க வேண்டும், அது மடக்குக் கத்தியாக இருக்கலாம்.

உங்கள் படகின் மிதவை இந்த விதிக்குள் வராமல் போகலாம். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது பக்கத்தில் நின்று, கத்தி எந்தப் பையில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, எந்த எஃகு வாங்குவது?

துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை முழுசாக நம்ப வேண்டாம். இரும்பில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்தால்தான் அதற்கு அந்தப் பெயர். அந்தக் குரோமியம் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலமாக நிற்கும். கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டதும் தானே மூடிக்கொள்ளும். கடல் உப்பில் இருக்கும் குளோரைடு இந்தப் படலத்தை அங்கங்கே துளைத்துவிடும். முதலில் ஊசிமுனை அளவுக்குப் பழுப்புப் புள்ளி, பிறகு அதன் அடியில் குழி.

இன்னொரு முரண்பாடு. கத்தி கூர்மையைப் பிடித்து வைக்கக் கடினம் வேண்டும், கடினத்துக்குக் கார்பன் வேண்டும். அந்தக் கார்பன் குரோமியத்தின் ஒரு பகுதியைப் பிடித்துக் கார்பைடாக மாற்றிவிடும். அப்படிப் போன குரோமியம் படலம் கட்ட வராது. 440சி எஃகில் 16 முதல் 18 சதவீதம் குரோமியம் இருந்தும், கார்பன் ஏறக்குறைய 1 சதவீதம் இருப்பதால் கடலில் புள்ளி விழுவது இதனால்தான். காகிதத்தில் குரோமியம் எத்தனை என்பதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

1.4116 என்ற ஐரோப்பிய எண் கொண்ட எஃகு பல சமையல் கத்திகளில் வருகிறது. கார்பன் 0.5 சதவீதம் அளவு, குரோமியம் 14-15. சீக்கிரம் மழுங்கும், அதே வேகத்தில் தீட்டியும் விடலாம். கழுவித் துடைத்தால் கடலில் தாக்குப்பிடிக்கும். காசு குறைவாகச் செலவழிக்க நினைப்பவர்களுக்கு இது போதும்.

கழுவவே மாட்டேன், மறந்துவிடுவேன் என்று உங்களைப் பற்றி உங்களுக்கே தெரிந்தால், கார்பனைக் குறைத்து நைட்ரஜன் சேர்த்த எஃகுகளுக்குப் போங்கள். ஸ்பைடர்கோவின் 'சால்ட்' வரிசைக் கத்திகளில் வந்த ஹெச்1 எஃகில் கார்பன் 0.15 சதவீதத்துக்கு மேல் கிடையாது. கடல்நீரில் நனைந்தபடியே கிடந்தாலும் நடைமுறையில் துரு பார்க்க மாட்டீர்கள். எல்.சி.200என் என்பதில் கார்பன் 0.3, நைட்ரஜன் 0.4 சதவீதம் அளவு. பேரிங் செய்யும் எஃகு வழியில் வந்தது, கூர்மையை ஹெச்1 எஃகைவிட நன்றாகப் பிடித்து வைக்கும். விலையும் அதற்கேற்ப.

குரோமியம் இல்லாத சாதாரணக் கார்பன் எஃகைத் தீட்டும் சுகம் தனி. ஆனால் கடலில் ஒரே இரவில் சிவந்துவிடும். தினமும் எண்ணெய் போடும் பொறுமைசாலிகளுக்கு மட்டும். ஏரியிலும் ஆற்றிலும் மட்டும் படகு விடுகிறவர்கள் இந்தப் பதிலில் பாதியைத் தாண்டிப் போய்விடலாம், நன்னீரில் எந்த ஸ்டெயின்லெஸ் கத்தியும் சமாளிக்கும்.

படகுச் சாமான்கள் எல்லாம் 316 ஸ்டெயின்லெஸ்தானே? கத்தியை ஏன் அதில் செய்வதில்லை?

316-ஐச் சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்க முடியாது. கொக்கிக்கும் கம்பிக்கும் அருமை, வாய் மட்டும் நிற்காது. கத்தியின் திருகாணி, பிடியில் இருக்கும் கிளிப் எல்லாம் அதில் இருந்தால் நல்லதுதான்.

டைட்டானியம்? பீங்கான்?

டைட்டானியம் கடலில் துருப்பிடிக்காது, எடை குறைவு, காந்தத்தில் ஒட்டாது. ஆனால் கத்தி எஃகைவிட மென்மையானது, கூர் சீக்கிரம் போய்விடும். பல் வைத்த வாயோடு, உறையில் கிடந்து எப்போதோ ஒருமுறை எடுக்கும் கத்தியாக இருந்தால் குறை தெரியாது. நீரில் இறங்குகிறவர்கள் விரும்பி வாங்குவதும் இதனால்தான். பீங்கான் கத்தி தளத்தில் ஒருமுறை விழுந்தால் நுனி போகும், நெம்பினால் இரண்டாகும். கீழே சமையலுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

கத்தியை எங்கே வைப்பது?

காக்பிட்டில் உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமல், எந்தக் கையை நீட்டினாலும் எட்டும் இடம். இதுதான் விதி. சுக்கான் சக்கரத்தின் தண்டு, பாய்மரத்தின் அடி, கீழே இறங்கும் படிவாசலின் பக்கச்சுவர், மூன்றும் நல்ல இடங்கள். காலிடும் வழியில் வேண்டாம், கயிறு ஓடிப்போய் உறையில் மாட்டும் இடத்திலும் வேண்டாம். பிடி பளிச்சென்ற ஆரஞ்சோ மஞ்சளோவாக இருக்கட்டும். கறுப்புப் பிடி கடையில் கம்பீரமாகத் தெரியும், இரவில் தளத்தில் தெரியாது.

உடம்பில் என்றால், எல்லாவற்றுக்கும் வெளியே: லைஃப் ஜாக்கெட்டின் பட்டையிலோ மழைச் சட்டையின் வெளிப் பையிலோ. பெல்ட்டில் மாட்டுகிறவர்கள் முழு மழை உடையும் ஹார்னெஸும் போட்டுக்கொண்டு எடுத்துப் பார்க்க வேண்டும். சோதனை எளிது. கண்ணை மூடி, இடது கையால், ஐந்து எண்ணுவதற்குள் கத்தி திறந்த நிலையில் கைக்கு வருகிறதா? பிறகு வலது கையால். வராவிட்டால் இடம் மாற்றுங்கள், கத்தியை அல்ல.

படகில் ஏறும் விருந்தாளிகளுக்கு லைஃப் ஜாக்கெட்டைக் காட்டும்போதே கத்தியையும் காட்டிவிடுங்கள். கட்டுண்டு கிடப்பவர் நீங்களாகவும் இருக்கலாம்.

திசைகாட்டி பக்கத்தில் கத்தி வைக்கக் கூடாது என்கிறார்களே?

சரியாகத்தான் சொல்கிறார்கள். எஃகு அலகு பக்கத்தில் வந்தால் திசைகாட்டியின் முள் விலகும், அதுவும் காந்தம் ஏறிய அலகென்றால் இன்னும் மோசம். சுக்கான் தண்டில் கத்தியைப் பொருத்தும் முன், அந்த இடத்தில் அதைப் பிடித்துப் பார்த்து, முள் அசைகிறதா என்று கவனியுங்கள். அசைந்தால் தள்ளி வையுங்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று சமையல் பக்கம் இருக்கிறது. கத்திகளை ஒட்டிவைக்கும் காந்தப் பட்டையை வீட்டு நினைவில் சுவரில் திருகிவிடுவார்கள். தானியங்கிச் சுக்கானின் மின்னணுத் திசைகாட்டி பெரும்பாலும் ஏதாவது பலகைக்குப் பின்னால், அலமாரிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். பட்டைக்கு நேர் பின்புறம் அது இருந்தால், படகு ஏன் கோணலாகப் போகிறது என்று நாள்கணக்கில் தேடுவீர்கள்.

தோல் உறை நன்றாக இருக்கிறதே, கூடாதா?

தோல் ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சி அலகோடு ஒட்டிவைத்துக்கொள்ளும், பதனிட்ட மருந்தும் சேர்ந்து அரிக்கும். அழுத்திச் செய்த பிளாஸ்டிக் உறையே போதும், அடியில் நீர் வடியத் துளை இருக்க வேண்டும். தலைகீழாகப் பிடித்து உதறினாலும் கத்தி விழக் கூடாது.

கத்தியில் கயிறு கட்டுவது அவசியமா?

அவசியம். நீளம் சரியாக இருக்கட்டும்: கையை முழுசாக நீட்டி வெட்டும் அளவு, அதற்கு மேல் வேண்டாம். நீளம் அதிகமானால் அதுவே எங்காவது சிக்கும், குறைந்தால் தலைக்கு மேலே இருக்கும் கயிற்றை எட்ட முடியாது. காக்பிட் கத்தியின் கயிறு மறுபக்க இருக்கைவரை எட்ட வேண்டும். திறந்த கத்தி மணிக்கட்டில் தொங்கிக்கொண்டு ஆடுவது ஆபத்து என்பதும் உண்மைதான், அதனால் வேலை முடிந்ததும் முதலில் உறை, பிறகு மற்றதெல்லாம்.

கொக்கி வடிவ வார் அறுப்பான் போதுமா?

வாருக்குப் போதும், அதற்கு அதுவே சிறந்தது. வாய் உள்ளே மறைந்திருப்பதால் யாரையும் குத்தாது, பதற்றத்தில் கை நடுங்கினாலும் பரவாயில்லை. ஆனால் அதன் இடுக்குக்குள் நுழையாத பருமனான கயிறு வந்தால் அப்படியே நிற்பீர்கள். லைஃப் ஜாக்கெட்டில் இதுவும், காக்பிட்டில் கத்தியும் என்பது நல்ல ஜோடி.

இழுவிசையில் இருக்கும் கயிற்றை எப்படி வெட்டுவது?

முதலில், வெட்டத்தான் வேண்டுமா? ஆள் சிக்கியிருந்தால் யோசனையே வேண்டாம். பொருள் மட்டும் என்றால், என் வின்ச் கதையில் போல, இன்னொரு கயிற்றைச் சறுக்காத முடிச்சால் பிணைத்துப் பளுவை அதற்கு மாற்றப் பாருங்கள். நிறையக் கயிறுகள் அவசரப்பட்டு வெட்டப்படுகின்றன.

வெட்டுவது என்று முடிவானால், கயிறு ஓடும் கோட்டிலிருந்து விலகி நில்லுங்கள், மற்றவர்களையும் விலக்குங்கள். நைலான் நங்கூரக் கயிறும் இழுவைக் கயிறும் நன்றாக நீளும். அறுந்தால் கவண் வார் போலத் திரும்பி அடிக்கும். அலகை அழுத்த வேண்டியதில்லை, விறைத்த கயிற்றில் பல்லை வைத்து லேசாக இழுத்தால் இழை இழையாகத் தானே தெறித்துப் பிரியும். தொய்ந்த ஈரக் கயிறுதான் பாடாய்ப் படுத்தும், அதை ஏதாவதொரு கட்டையில் வைத்து அறுங்கள். வெட்டும் திசை உங்கள் உடம்பை விட்டு வெளியே போக வேண்டும்.

கை கால் சிக்கியிருந்தால், அந்த உறுப்புக்கும் பளுவுக்கும் இடைப்பட்ட பக்கத்தில் வெட்டுங்கள். மறுபக்கம் வெட்டினால் கயிறு உறுப்பின்மேல் உரசிக்கொண்டு ஓடும். பாயை ஏற்றும் கயிற்றை அறுக்கும் முன் மேலே எது தொங்குகிறது, கீழே யார் நிற்கிறார் என்று பார்த்து, குரல் கொடுத்துவிட்டு அறுங்கள்.

ப்ரொப்பெல்லரில் கயிறு சுற்றிவிட்டால்?

எஞ்சினை நிறுத்துங்கள், கியரை நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள், சாவியை எடுத்து உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கயிற்றின் ஒரு முனை மேலே வந்தால் அதை இழுத்தபடி தண்டை எதிர்ப்பக்கம் கையால் சுற்றிப் பாருங்கள், சில நேரம் அப்படியே வந்துவிடும். வராவிட்டால் பல் வைத்த கத்தியைப் படகுக் கொக்கியின் முனையில் இரண்டு இடங்களில் இறுகக் கட்டி, மேலிருந்தே அறுக்க முயலுங்கள். ரொட்டி வெட்டும் நீளக் கத்தி இந்த வேலையில் அசத்தும்.

நீரில் இறங்குவது கடைசி வழி, அதுவும் அலை இல்லாதபோது. அலையில் ஏறி இறங்கும் படகின் பின்பக்கம் தலையில் விழுந்தால் மயக்கம்தான் முதலில் வரும். மேலே ஒருவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், கத்தி மணிக்கட்டில் கட்டியிருக்க வேண்டும். எஞ்சின் வேகத்தில் சுற்றிய கயிறு உரசல் சூட்டில் உருகிக் கெட்டிப் பிளாஸ்டிக் கட்டியாகியிருந்தால் கத்தி வேலைக்காகாது, இரும்பறுக்கும் ரம்ப அலகு வேண்டும்.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை?

கத்தியால் முடியாது. அதற்கு நீளக் கைப்பிடி கொண்ட போல்ட் கட்டரோ ஹைட்ராலிக் கட்டரோ வேண்டும், அல்லது முனையிலுள்ள ஊசிகளைத் தட்டி எடுக்கச் சுத்தியலும் துளைக்கம்பியும்.

கயிற்று முனையைச் சூடான கத்தியால் வெட்டலாமா?

பாலியெஸ்டர், நைலான் இரண்டும் 220 டிகிரி செல்சியசுக்கு மேல் உருகி, முனை தானே ஒட்டிக்கொள்ளும். டைனீமா 150 டிகிரியிலேயே இளகிவிடும், உருக்கி மூடிய முனை நிலைக்காது. கெவ்லார் உருகவே உருகாது, கருகும். இந்த இரண்டையும் டேப்பை இறுக்கிச் சுற்றி, டேப்பின் நடுவில் வெட்டி, நூல் கட்டி முடியுங்கள். அடுப்பில் காயவைக்க நல்ல கத்தியை எடுக்காதீர்கள், பதம் போய்விடும். பழைய அலகொன்று இதற்கென்றே கிடக்கட்டும். புகையை மூச்சில் இழுக்க வேண்டாம், வெளியே செய்யுங்கள்.

சமையல் கத்திகளை ஆடும் படகில் எப்படிச் சமாளிப்பது?

மேசைமேல் நிற்கும் மரக்கட்டைத் தாங்கி வேண்டாம், சாய்ந்தால் கத்திகள் பறக்கும். தாழ்ப்பாள் உள்ள இழுப்பறை, ஒவ்வொரு கத்திக்கும் தனி உறை. உறை இல்லாத இழுப்பறையில் கத்தி ஒவ்வோர் அலைக்கும் பக்கத்துக் கத்தியோடு மோதி இரண்டும் மழுங்கும், இருட்டில் கைவிட்டவர் விரலும் போகும்.

வெட்டுகிறவர் இடுப்பை எங்காவது முட்டுக்கொடுத்துக்கொள்ள வேண்டும், முடிந்தால் உட்கார்ந்துவிடுவது நல்லது. பலகைக்கு அடியில் ஈரத்துணி போட்டால் சறுக்காது. சோப்புத் தண்ணீருக்குள் கத்தியைப் போட்டுவிட்டுப் போகக் கூடாது. கையிலிருந்து கையாகக் கொடுக்கவும் கூடாது, பலகையில் வையுங்கள், அவர் எடுத்துக்கொள்வார். விழும் கத்தியைப் பிடிக்கப் போகாதீர்கள், காலை மட்டும் இழுத்துக்கொள்ளுங்கள். செருப்பு இல்லாமல் சமைக்கிறவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும்.

துருப்பிடிக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

நன்னீரில் கழுவி, துடைத்து, காயவைப்பது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். துடைத்தால் மட்டும் ஏன் போதாது என்றால், காய்ந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே கசிந்து நீராகும், கடல் உப்பில் இருக்கும் மக்னீசியம் உப்புகளுக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை. அதாவது கழுவாமல் வைத்த கத்தி இரவில் தன்னைத் தானே உப்புநீரில் நனைத்துக்கொள்கிறது.

மடக்குக் கத்தியைத் திறந்தபடி கழுவுங்கள், மூட்டைப் பலமுறை அசைத்து உள்ளே நீர் பாயவிடுங்கள். கிளிப்பின் அடியும் பிடிக்குள் அலகு நுழையும் இடமும் கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். அந்த இடுக்குகளுக்குள் காற்று போகாததால் படலம் தன்னைச் சரிசெய்துகொள்ள முடிவதில்லை. உறையையும் கழுவ வேண்டும், பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

பிறகு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. சமையலறைக்கு, உணவுக்கு உகந்த மினரல் ஆயில். சமையல் எண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகி மூட்டைப் பிடிக்கும். புள்ளி விழுந்துவிட்டால் சமையல் சோடாவைக் குழைத்துத் தக்கையால் தேயுங்கள், மேலோட்டமான துரு போய்விடும். குழி விழுந்திருந்தால் அது அப்படியேதான் இருக்கும், வாய்ப்பக்கம் இல்லாதவரை கவலையில்லை. பிளீச்சிங் கலந்த எதிலும் கத்தியை ஊறவைக்காதீர்கள்.

எப்படித் தீட்டுவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை?

நேர் வாய்க்கு வைரத்தூள் பதித்த தட்டு ஒன்று போதும், கல்லைப் போல உடையாது, குழியாது. கயிற்றுக் கத்திக்குப் பக்கத்துக்கு 20 டிகிரி சாய்வு. கண்ணாடிபோல மெருகேற்ற வேண்டாம், தட்டின் சொரசொரப்பைக் குறிக்கும் எண் 400 முதல் 600 வரை போய் நிறுத்தினால் வாயில் நுண்ணிய பல் மிஞ்சும், கயிற்றைப் பிடிப்பது அதுதான். தட்டையும் துடைத்துக் காயவையுங்கள், அதன் அடித்தகடும் துருப்பிடிக்கும்.

பல் வைத்த வாய்க்குக் கூம்பு வடிவ வைரக் கம்பி. எந்தப் பக்கம் குடைந்திருக்கிறதோ அந்தப் பக்கத்தில் மட்டும் ஒவ்வொரு பள்ளமாகத் தீட்டி, மறுபக்கத்தில் பிசிறை ஒருமுறை தட்டையாக வழித்துவிடுங்கள். பொறுமை வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை என்றால் செய்துவிடலாம்.

எப்போது என்று நாள் குறிக்க வேண்டாம். படகில் இருக்கும் கயிறுகளிலேயே பருமனானதன் பழைய துண்டொன்றை வைத்திருங்கள். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் காக்பிட் கத்தியால் அதை அறுத்துப் பாருங்கள். நான்கைந்து இழுப்பில் போனால் சரி.

கத்தியோடு கரைக்கு இறங்கலாமா?

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. பூட்டும் அலகும் மடங்காத அலகும் பொது இடத்தில் குற்றமாகும் நாடுகள் உண்டு. தளத்தில் இடுப்பில் இருந்ததை மறந்து கடைத்தெருவுக்குப் போய்விடாதீர்கள், இறங்கும் முன் கழற்றிப் படகிலேயே வையுங்கள். விமானத்தில் போகிறவர்கள் கைப்பையில் வைக்காமல், உறையோடு சரக்குப் பெட்டியில் போடுங்கள்.

கத்தி கடலில் விழுந்துவிட்டால்?

விழட்டும். கைப்பிடிக் கம்பிக்கு வெளியே எட்டிப் பிடிக்கப் போகாதீர்கள். மிதக்கும் பிடி என்றால் வலையால் எடுக்கலாம். இல்லையென்றால், காக்பிட்டில் இன்னொன்று இருக்கிறதே.